உப்புக் காற்றும் ஓடாத ஜனதாவும்



தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதே ஆண்டில்தான் ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் பிறந்தது. அந்த வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனாலும் சாவி கொடுக்கும் அதன் 'ஜனதா' மாடல் பல வீட்டுப் பீரோக்களில் இன்னும் ஓடாமல் கிடக்கிறது. பழுதுபார்க்கப் பழகும் கைக்கு அதைவிடப் பொறுமையான ஆசான் கிடையாது.

அதன் மெஷினுக்கு எண் 0231. 17 ஜூவல், மணிக்கு 18,000 துடிப்பு. அதாவது ஒரு நாளைக்கு 4,32,000 தடவை பேலன்ஸ் வீல் துடிக்கிறது. இத்தனை உழைப்பையும் ஒரு பொட்டுத் துரு நிறுத்திவிடும்.

உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே வாழும் வாட்சுக்குத் துருதான் முதல் பகை. பித்தளைத் தகடுகள் தாக்குப்பிடிக்கும், எஃகு தாங்காது. ஈரமும் வியர்வையும் நுழைகிற வாசல் பெரும்பாலும் சாவிதான். அதனால் சாவியின் தண்டான ஸ்டெம்மும் அதை ஒட்டிய நெம்புகோல்களும் முதலில் கெடும். அதோடு நிற்பதில்லை. உதிர்ந்த துருத்தூள் எண்ணெயில் கலந்து, அச்சு முனைகளை அரைத்தே தேய்க்கும். சாவி இறுகுகிறது என்றால் பலம்கொடுத்துத் திருகாமல், பின்மூடியைத் திறந்து பார்ப்பதே முறை. கழற்றும் முன் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை மெல்லத் தளர்த்திவிட வேண்டும். மறந்தால் பற்சக்கரங்களுக்கு ஆபத்து. ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுப்பது வெட்கமில்லை. கூட்டும்போது எண்ணெய், ஊசிமுனையளவு. தையல் மெஷின் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி உதிரி. இந்தப் பொழுதுபோக்கில் பாதி நேரம் தேடலிலேயே போகும். தேடும்போது டயலில் உள்ள பெயரை நம்பக் கூடாது, மெஷினில் பொறித்த எண்ணைத்தான் கேட்க வேண்டும். ஸ்டெம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். மரை பொருந்தாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. மரை அளவு 'டாப் 10' என்றால் 0.90 மில்லிமீட்டர். கடைக்காரரிடம் அளவோடு போனால் அவரும் மதித்துப் பேசுவார்.

புதிய உதிரி கிடைக்காதபோது, ஓடாத வாட்சுகளை மொத்தமாக வாங்கி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதே வழக்கம். முத்துக்குளிப்புக் காலத்தில் திறக்காத சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்ததைப் போன்ற சூதாட்டம்தான் இது. பேலன்ஸ் ஆடுகிறதா, ஹேர் ஸ்பிரிங் வட்டம் கலையாமல் இருக்கிறதா என்று மட்டுமாவது பார்த்து வாங்கினால் காசு முழுதும் கடலில் போகாது. ஐம்பது வயது வாட்சில் டயல் மட்டும் பளபளவென்று மின்னினால் சந்தேகப்பட வேண்டும். மறுபூச்சுப் பூசி, கண்ட மெஷினைப் பொருத்தி விற்பவர்கள் நிறைய. பழையது, மங்கியது, ஆனால் அசல் என்றால் அதற்கே மதிப்பு.

இருட்டில் ஒளிரும் மிகப் பழைய வெளிநாட்டு டயல்களைச் சுரண்டாதே. 1960களுக்கு முந்தியவற்றில் உண்மையான ரேடியம் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

குவார்ட்ஸ் வாட்சில் இத்தனை வேலை இல்லை. பெரும்பாலும் மெஷினையே மாற்றிவிடுவார்கள். அதில் கற்கவும் அதிகமில்லை.

கடைசியாக ஒன்று: தாத்தாவின் வாட்சை முதலில் திறக்காதே. ஓடாத இரண்டு ஜனதாக்களை வாங்கி, கழற்றிப் பூட்டிப் பழகிய பிறகு அதற்கு வா.