பழைய ராணுவ ரைபிளுக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள்கள் ஏலத்திலும் கடைகளிலும் சட்டப்படியே விற்பனைக்கு வருகின்றன. அங்கே இருக்கும் நம்மவர் சிலரும் ஆசையாக வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கான குறிப்புகள் இவை. இந்தியாவில் .303, 7.62 இரண்டுமே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால், ஊரில் இருப்பவர்கள் சும்மா படித்து வையுங்கள்.

1. எதைத் தொடங்கும் முன்பும் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேகசினைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்து, தோட்டா போய் உட்காரும் சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் போதாது.

2. பெயரை வைத்துத் தோட்டா வாங்காதீர்கள். கடைக்குப் போய் "மவுசருக்குத் தோட்டா கொடுங்கள்" என்று கேட்பது, மருந்துக்கடையில் "மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பது மாதிரிதான். ஸ்வீடனின் மவுசருக்கு 6.5×55. ஸ்பெயினின் பழைய மவுசருக்கு 7×57. ஜெர்மனியின் கார்98கே-வுக்கு 7.92×57. அதே ஜெர்மன் துப்பாக்கிகளை இஸ்ரேல் வாங்கி, 1950-களில் குழலை மாற்றி 7.62×51-க்குக் கொண்டுவந்தது. அப்படி மாற்றியவை பலவற்றின் கட்டையில் 7.62 என்று பெரிதாகச் சுட்டிருப்பார்கள். கட்டையை யாராவது மாற்றியிருந்தால் அந்த அடையாளமும் போச்சு.

3. இரும்பில் இருக்கும் முத்திரைகளைப் படியுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேய்த்தால் மங்கிய எழுத்தும் வெள்ளையாகத் தெரியும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். எழுத்தோடு சேர்த்து விலையும் போய்விடும்.

எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, அதை யார் பொறித்தது என்பதும் தெரிய வேண்டும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் எம்95-இல் சேம்பருக்கு மேலே பெரிய "எஸ்" இருந்தால், அது 8×50ஆர்-இலிருந்து 8×56ஆர்-க்கு மாற்றப்பட்டது என்று பொருள். ஜெர்மனியின் 1888 மாதிரியில் உள்ள "எஸ்" வேறு கதை: 8.08 மி.மீ. குண்டுக்குச் செய்த துப்பாக்கி, பின்னால் வந்த 8.2 மி.மீ. குண்டை ஏற்கும்படி திருத்தப்பட்டிருக்கிறது.

4. நம் நாட்டு இஷாப்பூர் ரைபிளில் ஏமாறுகிறவர்கள் அதிகம். நண்பர் ஒருவர் லீ-என்ஃபீல்டு என்று ஒன்றை வாங்கி வந்தார். கூடவே ஒரு பெட்டி .303 தோட்டா. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. "புதுசில் அப்படித்தான், கொஞ்சம் அழுத்துங்கள்" என்றாராம் விற்றவர். துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தேன். மேகசின், .303-இல் இருப்பதுபோல அடிப்பக்கம் சரிந்து இல்லாமல், டப்பா மாதிரி சதுரமாக இருந்தது. பின்கட்டை தொடங்கும் இடத்து இரும்புப் பட்டையைத் துடைத்ததும் "7.62" என்றும் "2ஏ1" என்றும் எழுத்து வந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலை இன்னும் வலுவான எஃகில் புதிதாகச் செய்த ரகம் அது; .303-ஐத் துளைத்துப் பெரிதாக்கியது அல்ல. அதே தொழிற்சாலை பொதுமக்களுக்காக, அதே உடற்கட்டில் .315 ரைபிளும் செய்தது. அதன் தோட்டா இன்னும் வேறு.

5. இரட்டைப் பிள்ளைகளிடம் கவனமாக இருங்கள். பிரிட்டனின் பி14-ம் அமெரிக்காவின் எம்1917-ம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் குழப்பும். முன்னதற்கு .303, பின்னதற்கு .30-06. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஊர்க்காவல் படையினர் இதில் தடுமாறக் கூடாது என்றுதான் எம்1917-இல் சிவப்புப் பட்டை அடித்தார்கள். இன்று பட்டை உரிந்திருக்கலாம். சேம்பருக்கு மேலே "மாடல் ஆஃப் 1917" என்ற பொறிப்பைத் தேடுங்கள்.

6. "உள்ளே போய்விட்டதே" என்பது சாட்சி ஆகாது. .308 தோட்டா .30-06 சேம்பருக்குள் லொடலொடவென்று போய்விடும். சுட்டால் பித்தளைக் கூடு கிழியும். அதைவிட மோசம், ஜெர்மன் 7.92×57-ஐ .30-06-இல் போடுவது. 8.2 மி.மீ. தடிமனுள்ள குண்டு 7.8 மி.மீ. குழலில் பிதுங்கிப் போக வேண்டும். அழுத்தம் எங்கே போகும்? போல்ட்டின் பின்னால் இருப்பது உங்கள் முகம்.

7. "7.62" என்று மட்டும் சொன்னால் பாதி விலாசம்தான். 7.62×39, 7.62×51, 7.62×54ஆர் மூன்றும் மூன்று தோட்டாக்கள். இரண்டாவது எண் கூட்டின் நீளம். "ஆர்" என்றால் அடியில் விளிம்பு புடைத்திருக்கும்.

8. சந்தேகம் தீரவில்லையா? துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் சேம்பருக்கு வார்ப்பு எடுக்கச் சொல்லுங்கள். சுமார் 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும் ஒரு உலோகக் கலவையைச் சேம்பருக்குள் ஊற்றுவார்கள். ஆறும்போது சற்றுச் சுருங்கும், அதனால் எளிதாக வெளியே வரும். பிறகு மெல்ல விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சேம்பரின் அசல் அளவுக்கு வந்து நிற்கும். அப்போது அளந்தால் முத்திரையும் வேண்டாம், விற்றவர் சொன்ன கதையும் வேண்டாம். என்னைக் கேட்டால், எட்டாவதாக எழுதிய இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

9. அவரிடம் போனதோடு ஹெட்ஸ்பேஸ் அளவையும் பார்த்துவிடுங்கள். போல்ட் மூடிய நிலையில் தோட்டாவுக்கு இருக்கும் இடைவெளி அது. தேய்ந்த துப்பாக்கிக்குச் சரியான தோட்டாவும் ஆபத்துதான்.

10. துப்பாக்கியோடு வந்த பழைய தோட்டாவை, கூட வந்தது என்பதற்காகவே நம்பாதீர்கள். அடிப்பக்க முத்திரையைப் பாருங்கள். "கே.எஃப்." என்றால் புனே அருகே கிர்க்கி தொழிற்சாலை. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமர், சுட்டபின் குழலில் உப்பைப் படியவிடும். எண்ணெய் போட்டால் அது போகாது. வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, அப்புறம் எண்ணெய் போடுங்கள்.

11. கண்டுபிடித்ததை அட்டையில் எழுதி, விசைக்காப்பில் நூலால் கட்டிவிடுங்கள்: தோட்டாவின் முழுப்பெயர், யார் அளந்தார், எந்தத் தேதியில். நாளைக்கு அலமாரியைத் திறக்கப் போவது உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம்.