ஊசி போட்டால் உறுப்பு பெருக்குமா?

நம்பிக்கை: வளர்ச்சிக் காரணி உறுப்புகளுக்கு உரம் மாதிரி. போட்டால் எல்லாம் பெரிதாகும்.

உண்மை: ஸ்டான்லி கோஹனின் சுண்டெலிக் குட்டிகள் இதை எப்போதோ பொய்யாக்கிவிட்டன. ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு சேர்ந்து நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்தவர் அவர். அந்தக் காரணிக்காக எடுத்த சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஏற்றியபோது, 13, 14 நாளில் திறக்க வேண்டிய கண்கள் 7 நாளிலேயே திறந்தன. பல்லும் முந்தி முளைத்தது. குட்டிகள் ஒன்றும் பெருத்துவிடவில்லை. இமையின் மேல்தோல் சீக்கிரம் முதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஏதோ கலப்படம் என்று அதை ஒதுக்காமல் துரத்திப்போன கோஹன், 1962-இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து அறிவித்தார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே புரதத்தை ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளுக்குப் போட்டார்கள். ரோமம் செழிக்கவில்லை, கழன்று வந்தது! மயிர்க்கால்கள் சிறிது காலம் வேலையை நிறுத்த, அந்த இடத்தில் இழை நைந்து அறுகிறது. கத்தரிக்காமலே கம்பளி எடுக்கலாமே என்று ‘பயோகிளிப்’ என்ற பெயரில் இதை விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். ரோமம் மேய்ச்சல் நிலத்தில் உதிராமலிருக்க ஆட்டுக்கு வலைச்சட்டை மாட்ட வேண்டியிருந்தது. ‘வளர்ச்சி’ என்ற பெயரில் மயங்குகிறவர்களை ஒருமுறை இந்த ஆட்டின் முன் நிறுத்தலாம்.

காரணி, செல்லின் ஏற்பியில் வந்து ஒட்டும் ஒரு சமிக்ஞை மட்டுமே. அதைப் பெற்ற செல் பெருகுமா, முதிருமா, ஓய்ந்துபோகுமா என்பது எந்தத் திசு, எந்த வயது, எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்தது.

நம்பிக்கை: ரத்தக் குழாயை வளர்க்கும் காரணி இதயத்துக்கு எவ்வளவு கிடைத்தாலும் நல்லது.

உண்மை: அந்தக் காரணியை ஓயாமல் சுரக்கும்படி மரபணு ஏற்றிய செல்களைச் சுண்டெலியின் இதயத் தசையில் வைத்தபோது, அங்கே ரத்தக் குழாய்க் கட்டிகள் உருவாயின. இன்னொரு காரணியான டிஜிஎஃப்-பீட்டா, எலியின் நுரையீரலில் மிகுந்தபோது தழும்புத் திசு படிந்து நுரையீரல் விறைத்தது.

நம்பிக்கை: அப்படியானால் வளர்ச்சிக் காரணி மருந்துக்கே ஆகாது.

உண்மை: ஆகும். தட்டணுக்களில் இருந்து கிடைக்கும் ஒரு காரணியின் செயற்கை வடிவத்தை, நீரிழிவுக் கால்புண்ணில் பூசும் களிம்பாக அமெரிக்கா 1997-இல் அனுமதித்தது. புண்ணைச் சுத்தம் செய்து, காலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இருந்தால் மட்டும் பூச வேண்டும். பூசும் இடத்தில் புற்றுக்கட்டி இருந்தால் தொடவே கூடாது.