நார் நாராகப் பிரியும் பன்றிக்கறி: வீட்டு ஓவனிலேயே செய்யலாம்

அமெரிக்காவின் வட கரோலினாவில் விறகுத் தணலில் மணிக்கணக்காக வேகும் பன்றிக்கறிக்குத் தனிப் பெயர் உண்டு. வீட்டு ஓவனில் புகைமணம் வராது. புகையூட்டிய பாப்ரிகா தூள் அதை ஓரளவு ஈடுசெய்யும்.

கடையில் முன்சப்பையைக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பும் சவ்வும் ஊடாடும் பகுதி அதுதான். கொழுப்பில்லாத முதுகுக்கறி வறண்டுவிடும். உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, பாப்ரிகா, பூண்டுத்தூள் தடவி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ஓவன் சூடு 120 டிகிரி செல்சியஸ் போதும். 2 கிலோ துண்டுக்கு 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். கறியின் உட்சூடு 70 டிகிரியை நெருங்கும்போது ஏறாமல் நெடுநேரம் நின்றுவிடும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதே காரணம். பதறி ஓவன் சூட்டைக் கூட்டாதீர்கள், அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி மறுபடி உள்ளே வையுங்கள். 63 டிகிரியிலேயே கறி உண்ணத் தகுந்தது. ஆனால் சவ்விலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி, நார் பிரிய 95 டிகிரி வேண்டும். கடிகாரத்தைவிட இறைச்சி வெப்பமானியை நம்புங்கள்.

சுற்றியபடியே ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இரண்டு முட்கரண்டிகளால் பிய்த்து, வடிந்த சாற்றில் கொழுப்பை நீக்கிக் கலந்துவிடுங்கள்.

வினிகர், மிளகாய்ச் செதில், உப்பு, சிறிது சர்க்கரை கலந்தால் கிழக்குக் கரோலினா சாஸ். அதே வட கரோலினாவின் லெக்சிங்டன் ஊர்க்காரர்கள் இதில் கெட்சப்பும் சேர்ப்பார்கள். கொழுத்த கறிக்குக் கெட்சப் இல்லாத புளிப்பே பொருத்தம்.

மீந்ததை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும்.