நாள் உணவும் திருநாள் உணவும்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை இடைவேளையில் வகுப்பறைக்குப் பின்புறம் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தூக்குவாளியிலிருந்து எதையோ குடிப்பதை இரண்டு மூன்று நாள்கள் கவனித்தேன். அருகில் சென்றதும் அவசரமாக மூடியை மூடினாள். உள்ளே இருந்தது கேழ்வரகுக் கூழ். அவளுடைய அம்மா விடியற்காலையிலேயே தறியில் உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் காய்ச்சிய கூழைக் கரைத்துக் கொடுத்தனுப்புகிறார். மற்ற பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்களாம். சிரிப்பவர்களின் கையில் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்.

கலசப்பாக்கம் பகுதியில் கேழ்வரகு புதிய பொருளல்ல. ஆனால் உணவுப் பாடம் நடத்தும்போது நான் கரும்பலகையில் வரைவது பால், முட்டை, ஆப்பிள், ஆரஞ்சு. இத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கூழ்ச்சட்டியை வரைந்ததில்லை. அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்து நின்றதில் எனக்கும் பங்கு உண்டு என்று தோன்றியது.

மறுநாளே கூழைப் புகழ்ந்து பேசினால் எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எனவே ஜப்பானிலிருந்து தொடங்கினேன். "டோரேமான் ஆசையாகத் தின்னுமே, அது என்ன?" என்று கேட்டதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் பெயர் டோராயாக்கி. இரண்டு சிறிய அப்பங்களுக்கு நடுவே, வேகவைத்து இனிப்புச் சேர்த்த சிவப்புப் பயறு விழுது. "நம்ம பூரணம் மாதிரியா டீச்சர்?" என்றான் ஒருவன். பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'நாள்', மறுபக்கம் 'திருநாள்' என்று எழுதினேன். ஜப்பானியரின் மரபு உணவுக்கு 'வாஷோகு' என்று பெயர். யுனெஸ்கோ 2013-இல் அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, புத்தாண்டுக் கொண்டாட்டத்தையும் சேர்த்தே குறிப்பிட்டது. அவர்களின் நாள் உணவு எளியது: சோறு, புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த மிசோ சூப், மீன் அல்லது சோயா, காய், ஊறுகாய். டிசம்பர் 31 அன்று நீண்ட ஆயுளை வேண்டி நீளமான சோபா நூடுல்ஸ். புத்தாண்டுக்கு அடுக்குப் பெட்டிகளில் பலவகைப் பண்டங்கள். அதில் கறுப்புச் சோயா உழைப்புக்கும் உடல்நலத்துக்கும், முதுகு வளைந்த இறால் முதுமை வரை வாழ்வதற்கும் அடையாளம். விருந்தெல்லாம் முடிந்து ஜனவரி 7 அன்று ஏழு வகைக் கீரை, இலைகள் சேர்த்த கஞ்சி. "நம்ம தீபாவளி லேகியம்!" என்று ஒரு குரல் வந்தது.

அடுத்து நம் ஊருக்கு அதே இரண்டு பக்கங்கள். நாள் பக்கத்தில் களி, பழைய சோறு, கீரைக் கடையல், கொள்ளு ரசம், வேர்க்கடலைத் துவையல். திருநாள் பக்கத்தில் பொங்கல், கொழுக்கட்டை, அதிரசம், கார்த்திகைப் பொரி உருண்டை. அப்போது ஒருவன் கேட்டான்: "கூழ் எந்தப் பக்கம் டீச்சர்? ஆடி மாசம் மாரியம்மனுக்கு ஊத்துறாங்களே?"

வகுப்பு யோசித்தது. தூக்குவாளிப் பிள்ளை மெல்லக் கை உயர்த்தினாள். "ரெண்டு பக்கமும் எழுதுங்க டீச்சர். எங்க வீட்ல தெனமும் கூழ், கோயில்ல ஆடியில." மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்கவிடுவது, மறுநாள் நொய்யுடன் சேர்த்துக் காய்ச்சுவது எல்லாவற்றையும் அவளே விளக்கினாள். நான் அறிவியலை மட்டும் சேர்த்தேன். மிசோவைப் போலவே கூழிலும் நுண்ணுயிரிகள் வேலை செய்கின்றன. புளிக்கும்போது, தானியத்தில் இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு அரிசியில் சுமார் 10தான்.

கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சியது. பாக்கெட் தின்பண்டம் எந்தப் பக்கம்? நாள் பக்கம் வைத்தால் உடம்புக்கு ஆகாது. திருநாள் பக்கம் வைக்க எந்தச் சாமிக்கும் படைப்பதில்லை. பலகையில் அதற்கு இடமில்லை என்பதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். நான் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது.

ஜப்பானில் பள்ளி உணவு 1889-இல் சுருவோக்கா நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இங்கே காமராசர் காலத்தில் 1956-இல் மதிய உணவு, 1982-இல் சத்துணவு, 2022-இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவு. பசித்த பிள்ளை படிக்க முடியாது என்ற எண்ணம் இரு இடத்திலும் ஒன்றுதான். அவர்கள் 2005-இல் உணவுக் கல்விக்குத் தனிச் சட்டமே இயற்றினார்கள். அங்கே மாணவர்களே பரிமாறி, சுத்தம் செய்கிறார்கள். உண்ணும் நேரமும் பாடவேளைதான். நம்மிடம் உணவு இருக்கிறது. அதைப் பாடமாக்குவது நம் கையில் இருக்கிறது.

இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

• "இன்று காலை என்ன சாப்பிட்டாய்?" என்று வகுப்பில் கேட்க வேண்டாம். சாப்பிடாமல் வந்த பிள்ளையும் இருக்கும். "உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவார்கள்?" என்று கேளுங்கள்.
• பாட்டி, தாத்தாவிடம் கேட்டு ஒரு நாள் உணவு, ஒரு திருநாள் உணவின் செய்முறையை எழுதிவரச் சொல்லுங்கள்.
• தமிழாசிரியருடன் சேர்ந்து திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை இணையுங்கள். உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதை அது பேசுகிறது.
• மரபு என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. மிசோவிலும் நம் ஊறுகாயிலும் உப்பு அதிகம். இரத்தசோகை உள்ள பிள்ளைக்குக் கூழ் மட்டும் போதாது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, இரும்புச்சத்து மாத்திரையும் தர வேண்டும்.

பாக்கெட்டுகள் இன்னும் வருகின்றன. ஒரு பாடவேளையில் அவை மறையாது. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது சுவரைப் பார்த்து நிற்பதில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடிக்கிறாள். சென்ற வாரம் அவள் பக்கத்தில் இன்னொரு தூக்குவாளியும் இருந்தது.