கூரையில் சூரிய மின் தகடு: தாங்கும் சட்டம் உறுதிதானா?

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு மஞ்சளும் தானியமும் கொண்டுவரும் உழவர்கள் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். "வீட்டு மாடியில் சோலார் பேனல் போடலாமா? எந்தக் கம்பெனித் தகடு நல்லது?" என்பதே அது. தகட்டைப் பற்றி இப்படி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. தகட்டுக்குப் பொதுவாக 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். சட்டம் ஐந்தாறு ஆண்டில் துருப்பிடித்தாலோ, ஒரு சூறைக்காற்றில் பெயர்ந்தாலோ அந்த உத்தரவாதத்தால் பயன் என்ன?

பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருந்தாலும் வீட்டு மின் கட்டணம் நம் கையை விட்டுத்தான் போகிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 என மானியம் அறிவிக்கப்பட்டது. இது வீட்டு இணைப்புக்கு மட்டுமே. கோழிக் கொட்டகைக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் இந்த மானியம் கிடையாது. சட்டம் மெலிந்ததா, தடித்ததா என்று பார்த்து மானியம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆகவே விலையைக் குறைத்துச் சொல்ல விரும்பும் ஒப்பந்தக்காரருக்குக் கை வைக்க எளிதான இடம் இரும்புதான். அதனால் சட்டத்தைப் பற்றி உழவர் தாமே தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

காற்று என்ன செய்யும்?

இப்போது விற்பனையில் உள்ள 540 வாட் தகடு ஒன்று ஏறத்தாழ ஏழரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் இருக்கும். எடை சுமார் 28 கிலோ. இவ்வளவு கனம் உள்ளதைக் காற்று தூக்குமா என்று சிலர் நினைக்கலாம். கணக்கைப் பார்ப்போம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று இந்த அளவுள்ள தகட்டின் மேல் சுமார் 120 கிலோ விசையுடன் மோதும். வேகம் 140 கிலோமீட்டரானால் விசை 240 கிலோ ஆகிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பது இதன் விதி. ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர ஏடு கோவைக்கும் மதுரைக்கும் கட்டடக் கணக்குக்காகக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகமே வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். கடற்கரை ஊர்களுக்கு இது இன்னும் அதிகம். புயல் கடற்கரையோடு நின்றுவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் வரை உள்ளே வந்ததை நாம் அறிவோம். நம் பகுதியில் சித்திரை, வைகாசிக் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று குலை தள்ளிய வாழையை ஒரே மாலையில் சாய்த்துவிடுகிறது.

சாய்ந்து நிற்கும் தகட்டின் அடியில் புகும் காற்று அதை மேல்நோக்கித் தூக்கும். வாழைக்கு முட்டுக் கொடுப்பது சாயாமல் இருப்பதற்கு. தகட்டுக்குச் சட்டம் போடுவது பறக்காமல் இருப்பதற்கு. பறக்கும் தகடு நமக்கு மட்டும் நட்டமன்று. பக்கத்து வீட்டு ஓட்டின் மேலோ, களத்தில் நிற்கும் ஆள் மேலோ விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

சிமெண்டுக் கட்டை போதுமா?

ஆறு தகடு கொண்ட 3 கிலோவாட் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஆறு கால்கள், ஒவ்வொரு காலுக்கும் ஒரு கன அடி கான்கிரீட் பீடம். ஒரு கன அடி கான்கிரீட் சுமார் 68 கிலோ. ஆறு பீடம் 408 கிலோ, தகடுகள் 168 கிலோ, இரும்பு சுமார் 150 கிலோ, ஆக மொத்தம் 726 கிலோ. மேலே சொன்ன 140 கிலோமீட்டர் காற்றில் ஆறு தகட்டின் மேலும் வரும் விசையோ 1,400 கிலோவுக்கு மேல். அது முழுவதும் ஒரே நேரத்தில் மேல்நோக்கி வராவிட்டாலும், பீடத்தின் கனத்தை மட்டும் நம்பக்கூடாது என்பது இதிலிருந்து தெளிவாகும். பீடம் தளத்தோடு பிணைக்கப்படவேண்டும்.

இங்கே ஒரு தவறு நடப்பதுண்டு. மொட்டை மாடியில் மேலே தெரிவது தட்டோடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி இரண்டு மூன்று அங்குலத்துக்கு இருக்கும். உண்மையான கான்கிரீட் தளம் அதற்கும் கீழே உள்ளது. தட்டோட்டின் மேலேயே துளையிட்டு போல்ட்டை இறுக்கினால் அது சுருக்கியில்தான் நிற்கும். சுருக்கிக்குப் பிடிப்பு இல்லை. மழைநீரும் அந்தத் துளை வழியே இறங்கித் தளக்கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே,

1. கால் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் சுருக்கியையும் கொத்தி எடுத்துக் கான்கிரீட்டைக் காணவேண்டும்.

2. தளத்தை ஊடுருவாத ஆழத்தில் துளையிட்டு, தூசியை ஊதி அகற்றி, பசை மருந்து ஊற்றும் இரசாயன நங்கூர போல்ட் பதிக்கவேண்டும்.

3. அதன் மேல் பீடம் வார்த்து, சுற்றிலும் நீர் புகாக் கலவை பூசி, மேல்பகுதியைத் தண்ணீர் தேங்காதவாறு சரிவாக முடிக்கவேண்டும்.

4. கால்கள் இயன்றவரை சுவர் அல்லது உத்திரத்தின் மேலேயே வரவேண்டும். தளத்தின் நடுவில் வேண்டாம்.

5. மாடியின் மூலையிலும் ஓரத்திலும் காற்று வேகம் அதிகம். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அடியாவது தள்ளி அமைக்கவேண்டும்.

உயரமும் சாய்மானமும்

சேலம், நாமக்கல் பகுதி வடக்கு அட்சரேகை 11 முதல் 12 பாகைக்குள் அமைந்துள்ளது. தகட்டைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ அதே பாகையில் சாய்த்தால் ஆண்டு முழுவதற்குமான உற்பத்தி நன்றாக இருக்கும். பாகைமானி தேவையில்லை. தகட்டின் நீளத்தில் ஐந்து அடிக்கு ஓர் அடி உயர்த்தினால் பதினொன்றரைப் பாகை வரும். ஏழரை அடித் தகட்டுக்குப் பின்பக்கம் ஒன்றரை அடி கூடுதல் உயரம் போதும். வட மாநிலங்களில் 25, 30 பாகை வைப்பதைப் பார்த்து நாமும் வைக்கவேண்டியதில்லை. இங்கே ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமாகவே செல்கிறது. அதிகச் சாய்மானம் உற்பத்தியையும் குறைக்கும், காற்றையும் கூடுதலாக வாங்கும். முற்றிலும் படுக்கையாகவும் வைக்கக்கூடாது. தூசியும் பறவை எச்சமும் மழையில் வழிந்தோடச் சரிவு வேண்டும்.

மாடியில் நெல்லும் மஞ்சளும் காயவைப்போர் தகட்டின் அடியில் ஆள் நடமாடும்படி ஏழெட்டு அடி உயரச் சட்டம் கேட்கிறார்கள். இடம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் கால் உயர உயர, பக்கவாட்டில் தள்ளும் காற்று நெம்புகோல் போல் அடிப் பீடத்தைப் பெயர்க்கும். எட்டடிக் கால் இரண்டடிக் காலைப்போல் நான்கு மடங்கு நெம்பும். உயரச் சட்டம் வேண்டுவோர் கால்களுக்கிடையே இரு திசையிலும் குறுக்குச் சட்டம் கட்டாயம் போடவேண்டும். தடித்த குழாய், பெரிய அடித்தகடு, காலுக்கு நான்கு போல்ட் ஆகியவையும் தேவை. இந்தச் செலவுக்கு இடமில்லை என்றால் ஒன்றிரண்டு அடி உயரச் சட்டமே மேல். பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் எந்த உயரத்திலும் அமைக்கவேண்டாம்.

இரும்பை நிறுத்துப் பாருங்கள்

மண்டியில் சரக்கை எடைபோடாமல் நாம் கொடுப்பதில்லை. குழாயையும் அப்படியே வாங்கவேண்டும். 60 × 40 மில்லிமீட்டர் செவ்வகவடிவக் குழாய் 20 அடி நீளத்துக்கு, 2 மில்லிமீட்டர் தடிப்பானால் சுமார் 18 கிலோ இருக்கும். 1.6 மில்லிமீட்டர் தடிப்பானால் பதினான்கரை கிலோதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது துத்தநாகப் பூச்சு. உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்த சட்டம் (ஹாட் டிப் கால்வனைஸ்) மங்கிய சாம்பல் நிறமாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். குழாயின் உட்புறத்திலும் துளையின் விளிம்பிலும் பூச்சு தெரியும். பூச்சு 80 மைக்ரான் இருக்கவேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பளபளவென்று இருக்கும் ஜி.பி. குழாயில் பூச்சு மெல்லியது. அதை வெட்டிய முனையிலும் வற்றவைத்த இடத்திலும் துரு முதலில் தொடங்கும். ஆகவே வெட்டுவதும் துளைப்பதும் பட்டறையில் முடிந்த பிறகே தொட்டியில் முக்கவேண்டும். மாடியில் வெல்டிங் வைத்தே தீரவேண்டுமானால் அந்த இடத்தைச் சுரண்டித் துத்தநாகம் மிகுந்த பெயிண்ட் இரண்டு கை பூசவேண்டும். வெள்ளி நிறப் பெயிண்ட் எல்லாம் துத்தநாகப் பெயிண்ட் ஆகிவிடாது.

போல்ட், நட்டு, வாஷர் யாவும் துருப்பிடிக்காத எஃகில் 304 ரகமாக இருக்கவேண்டும். காந்தத்தில் ஆணியைப்போல் வலுவாக ஒட்டினால் அது 304 ரகம் அன்று. ஒட்டாததனால் மட்டும் 304 என்று உறுதியாகிவிடாது. ரகத்தைப் பில்லில் குறித்து வாங்குங்கள்.

தகட்டைப் பிடிக்கும் முறை

தகட்டின் அலுமினியச் சட்டத்தில் புதிதாகத் துளை போட ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது. உத்தரவாதமே போய்விடும். இரண்டு தகட்டுக்கு நடுவே வரும் நடுக்கிளாம்ப், வரிசையின் கோடியில் வரும் கோடிக்கிளாம்ப் ஆகியவற்றால் பிடிக்கலாம். அல்லது தகட்டோடு வரும் துளைகளிலேயே போல்ட் போடலாம். கிளாம்பைத் தகட்டின் மூலையில் வைக்காமல், நீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு உள்ளே, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் வைக்கவேண்டும். ஒரு தகட்டுக்கு நான்கு பிடி இருக்கவேண்டும். மிகுதியாக முறுக்கினால் கண்ணாடி விரியும், தளர்வாக விட்டால் காற்றில் ஆடி நட்டு கழலும். அளவுகாட்டும் ஸ்பேனரால் முறுக்கச் சொல்லுங்கள்.

அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு உண்டாகும். இடையில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைப்பது நலம். ஆனால் அவ்வாறு வைக்கும்போது தகட்டுக்கும் சட்டத்துக்கும் மின் தொடர்பு அற்றுப்போகிறது. ஆகையால் ஒவ்வொரு தகட்டையும் தனிக் கம்பியால் இணைத்து எர்த் குழிக்குக் கொண்டுபோகவேண்டும். இடிதாங்கிக்கு வேறு எர்த் குழி அவசியம்.

தகரம், ஆஸ்பெஸ்டாஸ், ஓடு

நாமக்கல் கோழிப்பண்ணைக் கொட்டகைகளிலும் சேலத்து விசைத்தறிக் கூடங்களிலும் மானியம் இன்றியும் தகடு போடுகிறார்கள். இங்கே கவனிக்கவேண்டியவை:

1. சட்டத்தைத் தகரத்தில் பிணைக்கக்கூடாது. தகரத்தின் அடியிலுள்ள பர்லின் சட்டத்தில் பிணைக்கவேண்டும். தகரத்தின் மேட்டில் துளையிடுங்கள். பள்ளத்தில் இட்டால் ஒழுகும்.

2. தகடும் ரெயிலும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிலோ வரை கூடுதல் பாரம். மெல்லிய பழைய கூரைச் சட்டம் இதைத் தாங்குமா என்று பொறியாளரிடம் காட்டிய பின்பே தொடங்கவேண்டும்.

3. கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து துத்தநாகப் பூச்சையும் செம்புக் கம்பியையும் அரிக்கும். அம்மோனியா அரிப்புச் சோதனையில் தேறிய தகடுகள் உள்ளன. அவற்றையே கேட்டு வாங்குங்கள். சட்டத்தை ஆண்டுக்கு இருமுறை பாருங்கள்.

4. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேல் ஏறி நடக்கக்கூடாது. உடைந்து விழுந்து உயிர் போகும். அதைத் துளைக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. இந்தக் கூரையைத் தவிர்ப்பதே நல்லது.

5. மங்களூர் ஓட்டு வீட்டில் பாரம் முழுவதும் கைமரத்தின் மேல்தான். மரம் பழையதாகவோ கறையான் அரித்ததாகவோ இருந்தால் கூரையை விட்டுவிட்டு, வாசலிலோ களத்து ஓரத்திலோ நிழல் விழாத தரையில் கான்கிரீட் குழி அமைத்துக் கால் நடுவதே மேல்.

ஆண்டுக்கு இருமுறை

பங்குனியில் கோடைக்காற்றுக்கு முன்பும், புரட்டாசியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் சட்டத்தைச் சோதிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த நட்டு, துருப்புள்ளி, விரிந்த பீடம், ஒழுகும் இடம், அறுந்த எர்த் கம்பி ஆகிய ஐந்தையும் பாருங்கள். வெயில் படும்வரை தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது நிற்காது. காற்றில் தகடு பெயர்ந்திருந்தால் தொடாமல் அமைத்தவரை வரவழையுங்கள். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் அமைத்தவர் ஐந்தாண்டு பராமரிக்கவேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதவேண்டும்?

முன்பணம் கொடுப்பதற்கு முன் இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும்: குழாயின் அளவும் தடிப்பும் மொத்த எடையும், பூச்சு எத்தனை மைக்ரான், போல்ட் என்ன ரகம், எவ்வளவு காற்று வேகத்துக்குக் கணக்கிட்ட சட்டம், நங்கூரம் எந்தத் தளத்தில் எவ்வாறு பதிக்கப்படும், எர்த் குழிகள் எத்தனை, ஒழுகினால் யார் பொறுப்பு. இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் விலை குறைவு என்பதற்காக வேலையை ஒப்படைக்கவேண்டாம். வேலை நடக்கும் நாளில் வீட்டில் ஒருவர் மாடியில் இருந்து, சுருக்கியைக் கொத்தி எடுத்தபின் கான்கிரீட் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பீடம் வார்த்து மூடிவிட்டால் பிறகு அதைப் பார்க்க வழியில்லை.