அண்ணனின் விலையில்லா மடிக்கணினி தங்கைக்குப் போதுமா?

கேள்வி: 2018-ல் மகனுக்கு அரசுப் பள்ளியில் தந்த விலையில்லா மடிக்கணினி இருக்கிறது. இப்போது மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். புதிது வாங்கத்தான் வேண்டுமா?
- வாசகர், அதியமான்கோட்டை

பதில்: கடன் வாங்கிப் புதிது வாங்கும் முன், இருப்பதைச் சரிபார்த்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, ரேமை 8 ஜி.பி. ஆக்க முடிந்தால் வேகம் நன்றாகக் கூடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே இலவசமான லினக்ஸ் மின்ட் போடுங்கள். இணையம், தட்டச்சு, கணக்குத் தாள்களுக்கு அது போதும்.

ஆனால் டேலி விண்டோஸுக்கான கணக்கியல் மென்பொருள். அது கட்டாயமா என்று கல்லூரியில் கேளுங்கள். கட்டாயமென்றால் புதிதே நல்லது: ஐ3 அல்லது ரைசன் 3 பிராசஸர், 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. விலை குறைவென்று 4 ஜி.பி. ரேம் வாங்காதீர்கள். தருமபுரியிலோ சேலத்திலோ சர்வீஸ் சென்டர் உள்ள நிறுவனமாகப் பார்த்து வாங்குங்கள்.