திருகுமுளை

நெடுஞ்சாலையில் செல்வோர் வழிகாட்டும் பலகைகளைக் காண்பர். அவற்றைத் தாங்கும் கடைக்காலைக் காண்பார் இலர். அகன்ற பலகை காற்றுக்கு விரித்த பாய் போன்றது. புயல் வீசுங்கால் அது தன் தூணையே பெயர்த்துச் சாய்க்க முயலும். ஆதலின், ஆழக் குழி தோண்டிக் கான்கிரீட் வார்த்து, அதன் எடையால் தூணை நிறுத்துவது பெருவழக்கு.

இவ்வழக்கிற்கு ஒரு விலை உண்டு. சிமெண்டு செய்வதற்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகின்றனர். தூய கல் ஒரு டன் வெந்தால் ஏறத்தாழ 440 கிலோ கரியமிலவாயு பிரிந்து வானிற் கலக்கும். சூளையில் எரியும் நிலக்கரியின் புகை வேறு. இது கல்லே விடும் மூச்சு. மாந்தரால் உலகில் எழும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டால் வருவதே.

இதனைக் குறைக்கும் வழியொன்றை அன்றே கண்டவர், கண்ணொளி இழந்த ஒருவர். அலெக்சாந்தர் மிட்செல் என்பார் 1780-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தார். இளமையிலேயே பார்வையை முற்றும் இழந்தார். பெல்பாஸ்ட் நகரில் செங்கல் அறுக்கும் தொழில் நடத்திவந்த அவர், 1833-ல் திருகுமுளைக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புத் தண்டின் அடியில் அகன்ற தகடொன்று திருகாணியின் மரைபோல வளைந்து நிற்கும். தண்டைச் சுழற்றச் சுழற்ற அது மண்ணுள் இறங்கும். பின்னர் அதனை மேலே இழுக்க வேண்டுமாயின், தகட்டின்மேல் உள்ள மண் முழுவதையும் தூக்கியாக வேண்டும். வெளியினின்று கல்லைக் கொணர்ந்து சுமையாக்குவானேன்? நிலமே சுமையாகிறதன்றோ!

1838-ல் தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தில், மேப்ளின் என்னும் மணல்திட்டில், இம்முளைகளை இறக்கி அவற்றின்மேல் கலங்கரை விளக்கம் அமைத்தனர். கல் கட்டடம் நில்லாத இடம் அது. பல்லாண்டு நின்ற அவ்விளக்கம், அடிமணலைக் கடல் அரித்தமையால் 1932-ல் வீழ்ந்தது. முளையின் வலிமை மண்ணின் வலிமையே என்பது அதனாற் புலனாயிற்று.

இன்று இங்கிலாந்தின் சாலையோரங்களில் பலகைத் தூண்களுக்கும் இம்முறை கையாளப்படுகிறது. எஃகும் மாசின்றிப் பிறப்பதன்று. எனினும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தூணுக்கு ஒரு கன மீட்டர் கான்கிரீட் வேண்டும் எனக் கொள்வோம். அதில் 300 கிலோ சிமெண்டு இருப்பின், எழும் கரியமிலவாயு 250 கிலோவை அணுகும். அப்பணியை 60 கிலோ எஃகு செய்யுமாயின், கிலோவிற்கு இரண்டு கிலோ வீதம் 120 கிலோவே எழும். கான்கிரீட் இறுகும்வரை பல நாள் காத்திருத்தலும், தோண்டிய மண்ணை வண்டியேற்றி அகற்றுதலும் இல்லை.

பாறை நிலத்தில் இது செல்லாது. உவர்நிலத்தில் எஃகு துருப்பிடிக்கும்; துத்தநாகம் பூசினால் அது சில காலம் தள்ளிப்போகும். மண்ணைத் துளையிட்டுச் சோதித்த பின்னரே முளையின் நீளத்தைத் துணிவர். சாலையை அகலப்படுத்தும் நாளில் கான்கிரீட் கட்டியை உடைத்தே எடுத்தல் வேண்டும். திருகுமுளையோ, எதிர்ப்புறம் சுழற்றினால், இறங்கிய வழியே ஏறி வந்துவிடும்.